பழைய செவர்லே வி8 இன்ஜினை அதன் எண்களை வைத்து அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கப் போகிறவரும், கொட்டகையில் கிடக்கும் ஒரு பிளாக்கின் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜினின் இரும்பு உடல்) பூர்விகத்தை அறிய விரும்புகிறவரும் முதலில் கேட்பது, 'இது எந்த இன்ஜின், எந்த ஆண்டைச் சேர்ந்தது, இந்த வண்டியோடு பிறந்ததுதானா' என்பதைத்தான். செவர்லேயின் சிறிய பிளாக் வி8 இன்ஜினை எடுத்துக்கொண்டு, அந்தக் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். 1967 முதல் 1969 வரையிலான செவர்லே கமாரோ கார்களைப் பற்றியே அதிகம் கேட்கப்படுவதால், எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் அவற்றிலிருந்தே வருகின்றன.

ஒரு முன்குறிப்பு. இடம், வலம் என்று நான் எழுதுவதெல்லாம், காருக்குள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவரின் இடமும் வலமும். அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார். நம் ஊர் வண்டிகளுக்குப் பழகிய கண்ணுக்கு 'ஓட்டுநர் பக்கம்' என்ற சொல் குழப்பத்தையே தரும் என்பதால் அதைத் தவிர்த்திருக்கிறேன்.

சிறிய பிளாக் வி8 என்பது ஒரே இன்ஜினா?

இல்லை, அது ஒரு குடும்பம். 1955 மாடல் ஆண்டில் 265 கன அங்குல இன்ஜினாகத் தொடங்கியது. 1957-இல் 283, 1962-இல் 327, 1967-இல் 302-உம் 350-உம், 1968-இல் 307, 1970-இல் 400, 1976-இல் 305 என்று அது வளர்ந்துகொண்டே போனது. வெளித்தோற்றத்தில் இவை உடன்பிறப்புகளைப் போல ஒத்திருக்கும். ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்துவதும் உண்டு. ஐம்பது, அறுபது ஆண்டுகளாகப் பட்டறைகளில் பிரித்தும் கோத்தும் மாற்றியும் வந்திருக்கிற இந்த இன்ஜின்களில், ஏர் கிளீனர் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வதை ஆதாரமாகக் கொள்ள இயலாது. இரும்பில் இருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

இரும்பில் என்னென்ன எண்கள் இருக்கின்றன, எங்கே இருக்கின்றன?

நான்கு இருக்கின்றன. முதல் இரண்டும் வார்ப்பிலேயே புடைத்து நிற்பவை. மற்ற இரண்டும் பிற்பாடு உளிபோன்ற அச்சால் அடித்துப் பதிக்கப்பட்டவை. விரலால் தடவினாலே வேறுபாடு தெரியும்: வார்ப்பெழுத்து மேடாகவும், பொறிப்பெழுத்து பள்ளமாகவும் இருக்கும்.

வார்ப்பு எண், பிளாக்கின் பின்கோடியில், கியர்பாக்ஸ் வந்து பொருந்தும் விளிம்பின் மேற்பரப்பில் இடப்பக்கம் இருக்கும். வார்ப்புத் தேதி பெரும்பாலும் அதே விளிம்பின் வலப்பக்கம் இருக்கும். பொருத்திய தேதியும் இன்ஜின் வகைக் குறியும், பிளாக்கின் முன்பக்கத்தில், வலப்பக்க ஹெட்டுக்கு (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) சற்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய சமதளத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்; இதைப் பட்டறைகளில் 'பேட்' என்பார்கள். நான்காவது, காரின் அடையாள எண்ணிலிருந்து எடுத்த சுருக்க எண். அது அதே பேட்டிலோ, இடப்பக்கம் பின்னால் ஆயில் ஃபில்டருக்கு மேலே உள்ள இடத்திலோ இருக்கும்.

1969-இல் ஆல்டர்னேட்டர் வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டதால், அந்த ஆண்டு முதலான வண்டிகளில் பேட் அதன் பின்னால் ஒளிந்திருக்கும். வார்ப்பு எண்ணோ, இன்ஜின் வண்டியில் இருக்கும்போது பின்சுவருக்கு மிக நெருக்கமாகப் போய்விடும். அங்கே தலையை நுழைத்துப் படிக்க முயல்வதைவிட, கைபேசியில் விளக்கை ஏற்றி வீடியோ எடுத்து, பிறகு நிதானமாக நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது நல்லது.

வார்ப்பு எண் எதைச் சொல்கிறது?

அது பிளாக் எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. இன்ஜின் எத்தனை கன அங்குலம், எத்தனை குதிரைத்திறன் என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

302, 327, 350 ஆகிய மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே: 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீட்டர். மூன்றும் வேறுபடுவது கிராங்க் ஷாஃப்ட்டின் வீச்சில், அதாவது பிஸ்டன் போய்வரும் தூரத்தில்தான். 302-க்கு 3 அங்குலம், 327-க்கு 3.25, 350-க்கு 3.48. எனவே ஒரே வார்ப்பு பிளாக்கில் மூன்று வேறு கிராங்குகளைப் போட்டு மூன்று வேறு இன்ஜின்களை ஆலையால் எடுக்க முடிந்தது. 3970010 என்ற புகழ்பெற்ற வார்ப்பு எண் 1969 முதல் 1979 வரை புழக்கத்தில் இருந்தது. பெரும்பாலும் அது 350-ஆகவே வந்தது என்றாலும், 1969-இல் இசட்28 என்ற உயர்திறன் கமாரோவின் 302 இன்ஜினும் அதே எண்ணில் வந்திருக்கிறது. அந்த எண்ணைக் காட்டி 'இது இசட்28 பிளாக்' என்று ஒருவர் விலை சொன்னால், அது சாதாரண லாரி இன்ஜினாக இருக்கும் வாய்ப்பே பல மடங்கு அதிகம்.

ஒரு இலக்கம் தவறினாலும் கதை மாறிவிடும். 350 என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு பிளாக்கை நான் ஒருமுறை வாங்கினேன். விற்றவர் அனுப்பிய படத்தில் எண் 3970010 என்றே தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது, கடைசிக்கு முந்தைய இலக்கத்தின் வளைவுக்குள் அடைந்திருந்த கறுப்புக் கசடு பாளமாக உதிர்ந்தது. உள்ளே இருந்தது 1 அல்ல, 2. 3970020 என்பது 307-இன் வார்ப்பு எண். சிலிண்டரை அளந்து பார்த்தேன், 101.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 98.4-தான் இருந்தது. அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. கசடு படிந்த எண்ணை அவரும் படித்தார், நானும் படித்தேன். இருவரும் தாங்கள் விரும்பியதையே படித்தோம்.

வார்ப்புத் தேதியைப் படிப்பது எப்படி?

ஓர் எழுத்து, பிறகு ஒன்று அல்லது இரண்டு இலக்கம், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். எழுத்து மாதத்தைக் குறிக்கும்: ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படியே எல் வரை போனால் டிசம்பர். ஐ என்ற எழுத்தும் வரிசையில் விடாமல் உண்டு, அது செப்டம்பர். அதை ஒன்று என்ற இலக்கமாகப் படித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். 'சி 14 9' என்று இருந்தால், ஒன்பதில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் மார்ச் 14-இல் அந்த இரும்பு அச்சில் ஊற்றப்பட்டது என்று பொருள். செவர்லேயின் டோனவாண்டா ஆலையின் வார்ப்புகள் சிலவற்றில் ஆண்டு இரண்டு இலக்கமாக இருப்பதும் உண்டு.

ஆண்டுக்கு ஒற்றை இலக்கம் என்றால், 1969-ஐயும் 1979-ஐயும் பிரித்தறிவது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் சரியான பாதையில் இருக்கிறார். மேலே சொன்ன 3970010 இரண்டு ஆண்டுகளிலும் வார்க்கப்பட்டது. எனவே வார்ப்பு எண்ணும் தேதியும் சேர்ந்தாலும் விடை கிடைக்காது. இன்னும் சிக்கல் என்னவென்றால், காரின் சுருக்க எண்ணிலும் ஆண்டுக்கு ஒற்றை இலக்கம்தான். ஓஹையோ மாநிலத்தின் நார்வுட் ஆலை இரண்டு காலத்திலும் கமாரோ கட்டியதால், '19 என்' என்ற தொடக்கம் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு வண்டிகளுக்கும் பொருந்தும்.

தீர்வு பேட்டில் இருக்கிறது. 1969 வரை இன்ஜின் வகைக் குறி இரண்டு எழுத்து. 1970 முதல் மூன்று எழுத்து. மூன்று எழுத்தைப் பார்த்தால் அது 1969 அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பத்தாண்டு வித்தியாசம் உள்ள ஒரு பிளாக்கை அசல் என்று நம்பி ஒருவர் பெருந்தொகை கொடுப்பதை, எண்ணுவதற்குச் சில நொடிகளே ஆகும் அந்த எழுத்துகள் தடுத்துவிடும்.

பேட்டில் உள்ள பொறிப்பு எப்படி அமைந்திருக்கும்?

முதலில் இன்ஜின் கட்டப்பட்ட ஆலையைக் குறிக்கும் எழுத்து. அடுத்து மாதத்துக்கு இரண்டு இலக்கம், நாளுக்கு இரண்டு இலக்கம். கடைசியில் வகைக் குறி. அறுபதுகளின் பிற்பகுதியில் வி என்றால் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட். ஆங்கில இருபதாம் எழுத்தான டீ என்றால் நியூயார்க் மாநிலத்தின் டோனவாண்டா. கே என்றால் கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஃபிளின்ட்டுக்கு எஃப் என்ற எழுத்து இருந்தது.

இந்தப் பொறிப்பில் ஆண்டு கிடையாது என்பதைக் கவனியுங்கள். மேலும், ஒரே இரண்டெழுத்துக் குறியை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு இன்ஜின்களுக்கு நிறுவனம் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறது. குறியை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டியலில் தேடினால் நான்கைந்து விடைகள் வந்து நிற்கும். ஆண்டை முதலில் நிறுவிய பிறகே குறியைத் தேட வேண்டும். 302 இன்ஜினை எடுத்துக்கொண்டால், 1967-இலும் 1968-இலும் அதன் குறி 'எம் ஓ'. 1969-இல் அது 'டி இசட்' ஆனது. இந்த டி ஆங்கில நான்காம் எழுத்து. 1970 முதலான மூன்றெழுத்துக் குறிகளில், சி என்று தொடங்குபவை பயணிகள் காருக்கும் டீ என்று தொடங்குபவை லாரிக்கும் உரியவை.

'நம்பர் மேட்சிங்' என்கிறார்களே, அதற்கு எந்த எண் பொருந்த வேண்டும்?

காரோடு பிறந்த இன்ஜின்தான் என்பதையே அப்படிச் சொல்கிறார்கள். அதற்குப் பொருந்த வேண்டியது காரின் சுருக்க எண். 1968 மாடல் ஆண்டு முதல் அது எல்லாச் செவர்லே இன்ஜின்களிலும் பொறிக்கப்பட்டது. 1969 கமாரோவை எடுத்துக்கொண்டால், வி8 போட்ட மூடிய கூரைக் காரின் முழு எண் 124379 என்று தொடங்கும். இதில் 1 என்பது செவர்லே, 24 என்பது வி8 கமாரோ, 37 என்பது மூடிய கூரை உடல், 9 என்பது ஆண்டு. அடுத்து நார்வுட்டுக்கு என் அல்லது கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலைக்கு எல். அதன் பிறகு 500001-இல் தொடங்கும் ஆறிலக்க வரிசை எண். இன்ஜினில் அடிக்கப்படுவது 1, 9, ஆலை எழுத்து, ஆறிலக்கம் ஆகியவை மட்டும். 1968 முதல் காரின் எண் தகடு முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டின் இடக்கோடியில் வெளியிலிருந்தே தெரியும். 1967 கமாரோவில் அது இடக்கதவின் கீல் தூணில் இருக்கிறது.

1967 கமாரோ உரிமையாளர்கள் இன்ஜினில் சுருக்க எண் இல்லை என்று மனம் உடைய வேண்டாம். அந்த ஆண்டில் அது எல்லா வண்டிகளுக்கும் அடிக்கப்படவில்லை. அங்கே தேதிகளின் பொருத்தத்தை வைத்தே பேச முடியும்.

எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

ஒரு 1969 இசட்28 என்று வைத்துக்கொள்வோம். பிளாக்கின் பின்விளிம்பில் வார்ப்பு எண் 3956618. தேதி 'சி 4 9', அதாவது மார்ச் 4. பேட்டில் 'வி 0311 டி இசட்', அதாவது ஃபிளின்ட்டில் மார்ச் 11-இல் கட்டப்பட்ட 302. இன்ஜின் அறையின் பின்சுவரில் உள்ள உடல் தகட்டில் '03 டி', அதாவது மார்ச் நான்காம் வாரம். இந்த வரிசை இயல்பானது: இரும்பு ஊற்றப்பட்டது, ஒரு வாரத்தில் இன்ஜின் ஆனது, அடுத்த இரண்டு வாரங்களில் காரில் ஏறியது. சுருக்க எண்ணும் டாஷ்போர்டு எண்ணோடு ஒத்துப்போனால் பேச்சுக்கு இடமில்லை.

இதே காரில் வார்ப்புத் தேதி 'ஜி 7 9' என்று இருந்தால் அது ஜூலை. மார்ச்சில் பிறந்த காருக்கு ஜூலையில் வார்த்த இரும்பு எப்படி வந்திருக்கும்? மற்ற எண்கள் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அந்த பிளாக் பின்னால் வந்ததே. இடைவெளி நீள்வது வேறு. சில பிளாக்குகள் சில மாதங்கள் காத்திருந்து ஏறியிருக்கின்றன. தலைகீழாவதற்குத்தான் விளக்கமே கிடையாது.

மாடல் ஆண்டு நாட்காட்டி ஆண்டோடு ஒத்துப்போகாது என்பதையும் மனத்தில் வையுங்கள். 1968 இலையுதிர்காலத்தில் வார்த்து எட்டில் முடியும் பிளாக் 1969 காரில் இருப்பது முறையே. அடுத்த தலைமுறை கமாரோ தாமதமானதால் 1969 மாடலை அந்த ஆண்டு நவம்பர் வரை கட்டினார்கள். ஆகவே 'ஐ 12 9' போன்ற செப்டம்பர் வார்ப்பும் 1969 கமாரோவுக்குப் பொருந்தும்.

பேட்டில் துருவும் பெயின்ட்டும் ஏறியிருக்கின்றன. எப்படிச் சுத்தம் செய்வது?

மிகுந்த பொறுமையுடன். உப்புத்தாள், அரம், கம்பிச் சக்கரம் ஆகியவற்றைத் தயவுசெய்து அருகில் கொண்டுபோகாதீர்கள். எழுத்துகளின் ஆழம் மிகக் குறைவு. அவற்றைச் சுற்றியுள்ள தளமும் அவற்றைப் போலவே சான்றுதான். பெயின்ட் நீக்கும் திரவத்தைத் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியாலும் துணியாலும் மட்டும் துடைத்தெடுங்கள். பிறகு கைவிளக்கை மேலிருந்து அடிக்காமல், தளத்துக்கு ஏறத்தாழ இணையாகப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து பார்க்கும்போது ஒன்றுமே இல்லாதது போலிருந்த இரும்பில், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழுந்து நிற்கும். தேவைப்பட்டால் சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் பார்க்கலாம். அதனால் கெடுதல் இல்லை.

போலிப் பொறிப்பைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். பேட் மேற்பரப்பை ஆலையில் பல பற்கள் கொண்ட வெட்டுக்கருவி ஒன்றால் ஒரே இழுப்பில் சீவினார்கள். அதனால் பிளாக்கின் முன்பின் திசையில் மயிரிழை போன்ற இணைகோடுகள் தளம் முழுவதும் ஓடும். பொறிப்பெழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் அமர்ந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், எழுத்தின் இந்தக் கரையில் நின்ற கோடு அந்தக் கரையில் தொடர்வது தெரியும். தளம் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தாலோ, வட்டமான அரைத்த தடங்கள் தெரிந்தாலோ, அங்கே பின்னால் வேலை நடந்திருக்கிறது.

ஆனால் உடனே குற்றம் சாட்டிவிடக் கூடாது. ஹெட் உட்காரும் தளத்தைச் சமன்செய்ய, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் பட்டறைகள் அரைக்கும்போது பேட்டும் சேர்ந்து அரைபட்டு எண்கள் அழிவது வழக்கம். எந்தத் தீய நோக்கமும் இல்லாமல் எத்தனையோ நல்ல பிளாக்குகள் இப்படித் தங்கள் பெயரை இழந்திருக்கின்றன. வெறுமையான பேட் ஓர் இழப்பு மட்டுமே. அரைத்த தளத்தில் புத்தம்புதிய எண் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். ஆலைக் குறியை இன்ஜின் ஆலையில் அடித்தார்கள். சுருக்க எண்ணைக் கார் ஆலையில் அடித்தார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு அச்சு, வெவ்வேறு கை. எல்லா எழுத்துகளையும் ஒரே சட்டத்தில் கோத்து ஒரே அடியில் பதித்ததால், ஒரு வரிக்குள் எழுத்துகள் நேராக நிற்கும். வரி முழுவதுமாகச் சாய்ந்திருக்கலாம், எழுத்துக்கு எழுத்து ஏறி இறங்காது. இரண்டு வரிகளும் ஒரே அச்சில், ஒரே ஆழத்தில் இருந்தால் இரண்டையும் அடித்தவர் ஒருவரே என்றுதான் கொள்ள வேண்டும். காரின் அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.

பேட்டில் 'சி இ' என்று தொடங்கும் எண் இருக்கிறது. அது என்ன?

உத்தரவாதக் காலத்தில் பழுதான இன்ஜினுக்குப் பதிலாக நிறுவனம் கொடுத்த மாற்று பிளாக். அடுத்த இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அதன் பிறகு வரிசை எண். இது காரோடு பிறந்த இன்ஜின் அல்ல என்றாலும் காரின் வரலாற்றில் நேர்மையான ஒரு பக்கம். அதை அழித்துவிட்டு அசல் எண்ணை அடித்துக்கொள்கிறவர்கள் உண்மையைத் தொலைத்துப் பொய்யை வாங்குகிறார்கள்.

ஹெட்டிலும் எண் இருக்கிறதா?

வால்வு மூடியைக் கழற்றினால் வார்ப்பு எண்ணும் தேதியும் உள்ளே தெரியும். தேதியைப் படிக்கும் முறை அதேதான். கழற்றாமலே தெரிவது ஹெட்டின் கோடியில் உள்ள வார்ப்பு வடிவம். ஒட்டகத்தின் இரட்டைத் திமில்போல இருப்பவற்றுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம்: 3782461, 3890462, 3927186 ஆகியவை அவ்வகை. 1969-இன் 302-இல் வருவது 3927186. ஆல்டர்னேட்டர் இடம் மாறியதால் அதன் கோடியில் போல்ட் துளைகள் உண்டு. துளையே இல்லாத ஹெட்டை 1969 அசல் என்று யாராவது காட்டினால் ஏற்காதீர்கள்.

எந்த எண்ணுமே படிக்க முடியவில்லை. வேறு வழி உண்டா?

பிளாக்கின் உடலமைப்பே ஓரளவு பேசும். 1955-இன் முதல் 265 பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு இடமே கிடையாது. பக்கவாட்டு மவுண்ட்டுக்கான மேடுகள் இல்லாவிட்டால் அது 1958-க்கு முந்தியது. ஆயில் அளவுக்கோல் 1979 வரை இடப்பக்கம். 1980 முதல் வலப்பக்கம். கிராங்கின் பின்கோடி ஆயில் சீல் 1986 முதல் ஒரே துண்டு வளையமாயிற்று. அதற்கு முன்பு இரண்டு அரைவட்டங்கள்.

அளப்பதென்றால் ஹெட்டைக் கழற்றி விட்டத்தையும் வீச்சையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியே கம்பியை விட்டு வீச்சை அளக்கும் வழக்கம் இந்த இன்ஜினில் பலிக்காது. துளை சாய்வாக இருப்பதால் கம்பி பிஸ்டனோடு நேராகப் போகாது. ரீபோர் செய்திருந்தால் விட்டம் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மெயின் பேரிங் மூடிகளுக்கு இரண்டு போல்ட்டா, நான்கா என்பது அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றாமல் தெரியாது. 3970010 இரண்டு வகையிலும் வந்தது.

400-ஐ மட்டும் தனியாகக் கவனியுங்கள். அதன் கிராங்குக்கு வேண்டிய சமநிலை எடை முன்பக்க டேம்பரிலும், பின்பக்கம் கிராங்கோடு சுழலும் தகட்டிலும் வெளியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 350-இன் தகட்டை 400-இல் மாட்டினால் வண்டி குலுங்கிக்கொண்டே இருக்கும். அடையாளத்தில் நேர்ந்த பிழை பேரிங்குகளில் வந்து முடியும்.

தொலைவிலிருந்து வாங்குகிறேன். விற்பவரிடம் என்னென்ன படங்கள் கேட்க வேண்டும்?

பேட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த அண்மைப் படம், அதையே ஹெட்டின் விளிம்பும் தெரியும்படி சற்று விலகி எடுத்த மற்றொரு படம், வார்ப்பு எண், வார்ப்புத் தேதி, உடல் தகடு, டாஷ்போர்டு எண். விலகி எடுத்த படம் ஏன் என்றால், அண்மைப் படம் மட்டும் இருந்தால் அது வேறொரு பிளாக்கின் படமாகவும் இருக்கலாம். எண்ணை எழுதி அனுப்புகிறேன் என்று அவர் சொன்னால், எழுதியதோடு படத்தையும் கேளுங்கள். இன்ஜினின் ஆரஞ்சு நிறத்தைச் சுட்டிக்காட்டினால், அது எந்தக் கடையிலும் கிடைக்கும் பெயின்ட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பேட்டின் படத்துக்குக் காத்திருங்கள்.